இரண்டு கெட்டில், ஒரு வாளி வெந்நீர்

கீசர் இல்லாத வாடகை வீட்டில் மார்கழிக் குளிர் வந்ததும் பலரும் கடையில் கேட்டு வாங்குவது இம்மர்ஷன் ராடுதான். விலை குறைவு, வாளியில் மாட்டிவிட்டால் போதும். டீ போட வைத்திருக்கும் மின்சாரக் கெட்டிலே குளிக்கும் வெந்நீருக்கும் போதும் என்பது பலருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

கணக்கு எளியது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றச் சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டரை 1500 வாட் கெட்டில் ஐந்தரை நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும். அதை ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரில் விளாவினால் 40 டிகிரியில் ஏழரை லிட்டர் கிடைக்கும். இன்னொரு கெட்டில் கொதித்தால் வாளி நிறையும். இரண்டுக்கும் சேர்த்துக் கால் யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். அதே வாளியைச் சூடாக்க ராடும் ஏறக்குறைய இவ்வளவு மின்சாரம்தான் எடுக்கும்.

பிறகு ஏன் கெட்டில்? உயிருக்காக.

இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடி வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. ராடில் இந்தக் குழாய் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. உப்புத் தண்ணீர் அரித்து அதில் ஓட்டை விழுந்தால் வாளித் தண்ணீரிலேயே மின்சாரம் பாயலாம். சூடு பார்க்கக் கை விடும் ஒரு கணம் போதும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். அதுவும் ஈரக் குளியலறையில், காலை அவசரத்தில்! அங்கே ராடு இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றைய கெட்டில்களில் சூடேற்றி பெரும்பாலும் அடித்தட்டுக்குக் கீழே, தண்ணீர் படாத இடத்தில் இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதும் அதற்குத் தெரியும். கொதிக்கும்போது எழும் ஆவி சிறு வழியாகச் சென்று ஈருலோகத் தகட்டைச் சுடும். இரு உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை; தகடு சட்டென வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். 1950களின் நடுவில் பிரிட்டனின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் இந்த உத்தியைக் கெட்டிலில் கொண்டுவந்தது. மூடி திறந்திருந்தால் ஆவி தகட்டுக்குப் போகாது, கெட்டிலும் நிற்காது.

ரைஸ் குக்கரில் வெந்நீர் போடுபவர்களும் உண்டு. ஆனால் அடித்தட்டு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினால்தான் அதன் சுவிட்ச் விழும். தண்ணீர் மிச்சமிருக்கும் வரை அடித்தட்டு அவ்வளவு சூடேறாது. வற்றும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும்.

1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதனால் 6 ஆம்பியர் சின்ன பாயிண்டை விட்டுப் பெரிய பவர் பாயிண்டில் செருகுங்கள். குறியிட்ட அளவுக்கு மேல் நிரப்பினால் கொதிநீர் வெளியே தெறிக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. போர் தண்ணீரால் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சற்று ஊறவைத்துக் கழுவினால் விட்டுவிடும்.