சீட் கைவிட்டுப் போய்விட்டதா? அட்மிஷன் மேல்முறையீடு எப்போது ஜெயிக்கும்?

2024 ஜூன் 24, திங்கட்கிழமை. மாலை 5 மணிக்குள் ரூ.17,500 கட்ட வேண்டும். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த அதுல் குமாருக்கு ஐஐடி தன்பாத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சீட் ஒதுக்கப்பட்டிருந்தது. கூலி வேலை செய்யும் அப்பா பணத்தைப் புரட்டி முடித்தபோது மணி 4.45. விவரங்களைப் பதிவேற்றி முடிப்பதற்குள் 5 மணி ஆகி, இணையதளம் மூடிக்கொண்டது. சீட் போச்சு.

ஆனால், செப்டம்பர் 30-ம் தேதி அதே சீட் திரும்பக் கிடைத்தது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அவரை அதே பாடப்பிரிவில் சேர்க்கச் சொன்னது. ஏற்கெனவே சேர்ந்த யாருடைய இடமும் பறிபோகாதபடி, அவருக்கென்று கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கவும் உத்தரவிட்டது.

திருப்பூர் ராயபுரம் மாதிரியான பகுதியில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வழக்கு தூரத்துக் கதை இல்லை. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம்தான். சனிக்கிழமைதான் கையில் காசு புழங்கும். கவுன்சலிங் காலக்கெடுவோ கிழமை பார்த்து வருவதில்லை. ஓடிபி வரும் போனை எடுத்துக்கொண்டு அப்பாவோ அம்மாவோ ஷிப்டுக்குப் போயிருந்தால், இன்னும் சிக்கல்.

சரி, சீட் மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

எல்லா மறுப்புக்கும் மேல்முறையீடு உண்டா?

இல்லை. கட்-ஆஃப் குறைவு, அந்தப் பிரிவில் இடம் நிரம்பிவிட்டது என்றால், முறையீடு செய்தும் பெரிதாகப் பலன் இருக்காது. விதிப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று காட்ட முடிந்தால்தான் வழி திறக்கும். மதிப்பெண்ணைத் தவறாகக் கணக்கிடுவது, இடஒதுக்கீட்டுப் பிரிவு மாறிப்போவது, சரியான சான்றிதழை நிராகரிப்பது, பணம் கட்டும்போது தொழில்நுட்பக் கோளாறு ஏற்படுவது போன்றவை இதில் அடங்கும்.

முதலில் யாரிடம் போக வேண்டும்?

தவறு எங்கே நடந்ததோ அங்கேதான். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் ரேங்க் லிஸ்ட் வெளியானதும் குறைகளைச் சொல்ல சில நாள்கள் அவகாசம் தருகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் பெயர் விடுபட்டது, சாதிப் பிரிவு தவறாகப் பதிவானது எல்லாவற்றையும் அந்த நாள்களுக்குள் கவுன்சலிங் சேவை மையத்தில் சரிசெய்ய வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் அதை உறுதிசெய்யத் தரப்படும் நேரமும் ரொம்பக் குறைவு. ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் சீட் போய்விடும்.

தவறு கல்லூரியில் நடந்திருந்தால், யுஜிசியின் 2023-ம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் கைகொடுக்கும். சேர்க்கைக்கு விண்ணப்பித்தவரும் இதில் ‘மாணவர்’தான். அறிவித்த சேர்க்கை விதியை மீறி இடம் மறுத்தாலும், அசல் சான்றிதழைத் தராமல் பிடித்துவைத்தாலும் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் தரலாம். குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், அடுத்த 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

எதற்காக நிராகரித்தார்கள் என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தில் கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், இதை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

கோர்ட் எதைப் பார்க்கிறது?

இரண்டே கேள்விகள்தான். தவறு யாருடையது? தெரிந்தவுடன் என்ன செய்தீர்கள்?

ஆந்திரத்தைச் சேர்ந்த எஸ்.கிருஷ்ண ஸ்ரதா தொடுத்த எம்பிபிஎஸ் சேர்க்கை வழக்கில், 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. மாணவர் மீது தவறு இல்லை, தாமதிக்காமல் நீதிமன்றம் வந்தார், விதியை மீறியது அதிகாரிகள்தான் என்றால், இழப்பீட்டோடு நிறுத்தாமல் சீட்டே தர உத்தரவிடலாம். அந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டிலும் தரலாம்.

2021-ல் ஐஐடி பாம்பே சீட் கிடைத்த பிரின்ஸ் ஜெய்பீர் சிங்கும் கட்டணம் கட்ட முடியாமல் சிக்கினார். கார்டு வேலை செய்யவில்லை. போன் செய்தார், மெயில் அனுப்பினார், சேர்க்கையைக் கவனித்த ஐஐடி காரக்பூருக்கு நேரிலேயே போனார். பாம்பே உயர் நீதிமன்றம் கைவிரித்தும், உச்ச நீதிமன்றம் சீட் தரச் சொன்னது.

அதுல் குமாரும் சும்மா இருக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம் என்று தொடர்ந்து கதவைத் தட்டினார். 2024-ல் தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். அன்று மதியம் 3 மணிக்கே லாகின் செய்தவர் ஏன் கட்டவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்டது. கையில் பணம் இருந்திருந்தால் கட்டாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்பது நீதிபதிகளின் பார்வை.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த இரண்டு ஐஐடி வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியது, அரசியல் சாசனப் பிரிவு 142 தரும் சிறப்பு அதிகாரம். உயர் நீதிமன்றங்களுக்கு அது கிடையாது. அதனால் ‘அவருக்குக் கிடைத்தது, எனக்கும் கிடைக்கும்’ என்று கணக்குப் போட முடியாது.

வக்கீல் வைக்கக் காசு இல்லையே?

பெண்கள், 18 வயது நிரம்பாதவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை இது. திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உயர் நீதிமன்றம் என்றால் சென்னைதான். மதுரைக் கிளை அல்ல.

இதையெல்லாம் அன்றைக்கே செய்யுங்கள்

• எரர் வந்த திரையை, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

• பேங்க் எஸ்எம்எஸ், பணப் பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள்.

• போனில் பேசியதோடு விடாதீர்கள். காலக்கெடு முடிவதற்குள் ஒரு மெயிலாவது அனுப்புங்கள்.

• நேரில் மனு கொடுத்தால் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள்.

• பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாலும் மெயில் ஐடி, செல் நம்பர், பாஸ்வேர்டு உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக, முறையீடு நடக்கும்போதே அடுத்த சுற்று, துணைக் கவுன்சலிங் வாய்ப்புகளையும் விடாதீர்கள். சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுல் குமாருக்கு நீதி கிடைக்க 98 நாள்கள் ஆனது. அவ்வளவு நாள் எந்தக் கல்லூரியும் வகுப்பைத் தொடங்காமல் காத்திருக்காது.