நித்தி கனகரத்தினம்

நித்தி கனகரத்தினம் இலங்கையைச் சேர்ந்த தமிழ்ப் பொப் இசைப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். யாழ்ப்பாணத்தை அடுத்த உரும்பிராய் இவரது ஊர். இவர் எழுதிப் பாடிய 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாடல்கள் உலகின் பல நாடுகளிலும் வாழும் தமிழரிடையே அறியப்பட்டவை. துள்ளிசை என்றும் சொல்லப்படும் ஈழத்துப் பொப் இசையின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

பின்னணி

இலங்கைப் பொப் இசைக்கு அடித்தளம் பைலா. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களும் விட்டுச்சென்ற ஆட்ட இசையிலிருந்து இது வளர்ந்தது. காவல்துறையில் பணியாற்றிய வொலி பஸ்தியன் 1940களில் பைலா தாளத்துக்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடினார். 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிதாருடன் சிங்களப் பொப் இசைக்குப் புதுவடிவம் கொடுத்தார்.

அக்காலத்தில் இலங்கைத் தமிழர் கேட்ட மெல்லிய பாடல்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுத் திரைப்படங்களிலிருந்து வந்தவை. தம் ஊர்ப் பேச்சில், தம் வீட்டு நடப்பைச் சொல்லும் புதிய பாடல்கள் அரிது. அந்த இடத்தை நிரப்பியவர்களுள் நித்தி கனகரத்தினம் முதன்மையானவர். 1970களில் தென்னிந்தியப் படங்களுக்கும் இதழ்களுக்கும் இலங்கை அரசு இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்ததும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தது.

பாடல்களின் இயல்பு

'சின்ன மாமியே' ஓர் உரையாடல். மாமியின் மகளைத் தேடி வரும் மருமகன் அவள் எங்கே என்று கேட்கிறான். படிக்கப் போயிருக்கிறாள் என்கிறாள் மாமி. வெளியே போனால் இளைஞர்கள் கண்ணடிப்பார்களே என்று அவன் பதறுகிறான். கேட்பதற்கு வேடிக்கையான பாட்டு. ஆனால் முறைப்பெண் மீது உரிமை கொண்டாடும் பழைய வழக்கமும், பெண்பிள்ளைகள் படிக்கப் போகும் புதிய காலமும் அதில் நேருக்குநேர் நிற்கின்றன. பேச்சுக்கு மையமான பெண் பாட்டில் வருவதே இல்லை. அவள் பள்ளியில் இருக்கிறாள்.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடிக்க வேண்டாம் என்று கெஞ்சும் பாட்டு. பனையும் கள்ளும் அன்றாட வாழ்வோடு கலந்த யாழ்ப்பாணத்தில் இது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கவலை. அதை அறிவுரையாகச் சொல்லாமல் ஆடத்தக்க மெட்டில் சொன்னதால், குடிப்பவர்களும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டாயிற்று.

பைலாவின் தாளம் மும்மூன்றாகப் பிரியும் ஆறு அடிகள் கொண்டது. தமிழ் இசையில் இதற்கு நெருங்கியது திசுர நடை. கும்மியிலும் பல நாட்டுப்பாடல்களிலும் இந்த நடை உண்டு. அயல்நாட்டிலிருந்து வந்த தாளத்தில் ஊர்ப் பேச்சு தடையின்றி அமர்ந்ததற்கு இந்த நெருக்கம் ஒரு காரணம்.

கன்ட்ரி ராக் இசையுடன் ஒப்பீடு

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இதை ஒத்த ஒரு முயற்சி நடந்தது. தென்மாநிலங்களின் கிராமிய இசையை ராக் இசையுடன் இணைத்தவர்களுள் முக்கியமானவர் கிராம் பார்சன்சு (1946–1973). அவர் பங்கேற்ற பேர்ட்சு குழுவின் 'சுவீட்ஆர்ட் ஆஃப் த ரோடியோ' இசைத்தொகுப்பு 1968இல் வெளியானது. இரு இசைகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் நகரத்தார் நாட்டுப்புறம் என்று ஒதுக்கிய பேச்சையும் உணர்வையும் கிதாரின் துணையோடு இளைஞரிடம் கொண்டுசென்றது இரண்டுக்கும் பொது. பார்சன்சின் பெயர் இசை வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. நித்தியின் பாடல்களோ அவரது பெயரைவிட அதிகமாகப் பரவின.

பாடலும் பெயரும்

ஈழத்துப் பொப் இசையைத் தமிழ்நாட்டில் பரவலாக்கியவர் சிலோன் மனோகர் என்று அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன் (இறப்பு: 22 சனவரி 2018, சென்னை). அவர் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' 1977இல் இளையராசா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. திரையும் மேடையும் மனோகரனின் முகத்தைத் தமிழ்நாட்டில் பதித்தன. அந்த வாய்ப்பு நித்திக்கு அமையவில்லை. 'சின்ன மாமியே' பாடலை நாட்டுப்பாடல் என எண்ணி, எழுதியவர் யாரென்று தெரியாமல் பாடுவோர் இன்றும் பலர்.

1983 சூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் பல நாடுகளுக்கும் சிதறினர். நித்தியும் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். புலம்பெயர்ந்தோரின் திருமண வீடுகளிலும் ஒன்றுகூடல்களிலும் இப்பாடல்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன. போருக்கு முந்திய யாழ்ப்பாணத்தின் வீட்டுப் பேச்சையும் கேலியையும் அந்த ஊரைக் காணாத தலைமுறைக்கு அவை கொண்டுசேர்க்கின்றன. வெறும் கேளிக்கைப் பாட்டு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட துள்ளிசை, இவ்வகையில் ஒரு சமூகத்தின் பேச்சுமொழிப் பதிவாகவும் மதிப்புப் பெறுகிறது.