கரும்பலகையிலிருந்து வெள்ளித்திரைக்கு

படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நடித்தவர்களின் பெயர்களைச் சொல்வோம். இசையமைத்தவர் பெயரைக்கூடச் சொல்லிவிடுவோம். எழுதியவர் யார் என்று யாராவது கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கடற்கரை ஈரமணலில் வெள்ளுடை அணிந்த இளைஞர்கள் ஓட, பின்னணியில் இசை எழும் ஒரு காட்சியை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். அது 1981இல் வெளிவந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் ஆங்கிலப் படம். அதை எழுதியவர் காலின் வெல்லண்ட். அவர் நடிகராக இருந்து எழுத்தாளர் ஆனவர். நடிகர் ஆவதற்கு முன்போ, பள்ளி ஆசிரியர்!

1934ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில், லீ என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் பஞ்சாலைகளும் சூழ்ந்த உழைப்பாளிகளின் ஊர் அது. ஆசிரியப் பயிற்சி முடித்து அங்கேயே ஒரு பள்ளியில் ஓவியம் கற்பித்தார். பிறகு நாடக ஆசை இழுக்க, மான்செஸ்டர் நாடக அரங்கு ஒன்றில் சேர்ந்தார். 1962இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'இசட் கார்ஸ்' என்ற தொடர் தொடங்கியது. அதில் காவலர் வேடம் ஏற்று வீடுதோறும் அறிமுகமானார்.

அவருடைய நடிப்பில் என்றும் நிற்பது 1969இல் வந்த 'கெஸ்' படம்தான். கென் லோச் இயக்கியது. சுரங்க ஊரில் ஓர் ஏழைச் சிறுவன். வீட்டிலும் பள்ளியிலும் அவனை மதிப்பார் இல்லை. அவன் கெஸ்ட்ரல் என்ற சிறு வேட்டைப் பறவையைத் தானே பழக்கி வளர்க்கிறான். ஆசிரியர் ஃபார்த்திங் ஒருவர்தான் அவனை வகுப்பின் முன் நிறுத்தி, அந்தப் பறவையைப் பற்றிப் பேசச் சொல்கிறார். தயங்கித் தயங்கித் தொடங்கும் சிறுவன் பிறகு மடை திறந்தாற்போல் பேசுகிறான். ஆசிரியரோ வாய் பேசாமல் கேட்கிறார். அந்த ஆசிரியராக வந்தவர் வெல்லண்ட். பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது. உண்மையாகவே வகுப்பறையில் நின்றவர் அல்லவா! பிள்ளை பேசும்போது எப்படிக் கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

எழுத்திலும் அந்தக் காதுதான் அவருக்குத் துணை. 1970இல் பள்ளி வாழ்க்கையை வைத்து ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதினார். 1974இல் 'லீட்ஸ் யுனைடெட்' வந்தது. பெயரைப் பார்த்துக் கால்பந்துக் கதை என்று எண்ண வேண்டாம். லீட்ஸ் நகரத் தையல் தொழிற்சாலைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு நடத்திய வேலைநிறுத்தத்தின் கதை.

இனி அந்தப் பெரிய படத்துக்கு வருவோம். 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய இருவரைப் பற்றி எழுதித் தருமாறு தயாரிப்பாளர் டேவிட் பட்னம் அவரைக் கேட்டார். ஒருவர் ஹெரால்ட் ஆபிரகாம்ஸ். யூதர் என்பதால் மற்றவர்களின் ஏளனத்தை உணர்ந்தவர். மற்றவர் எரிக் லிடல். சீனாவில் மறைபரப்பாளரின் மகனாகப் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆண்டவரின் நாளில் ஓடமாட்டேன் என்று லிடல் விலகிக்கொண்டார்.

அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தச் செய்தியை எப்படித் திரட்டுவது? அந்த ஒலிம்பிக்கைப் பற்றிய நினைவுகள் உள்ளவர்கள் எழுதலாம் என்று வெல்லண்ட் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். ஆபிரகாம்ஸை நேரில் காணும் வாய்ப்பு கிட்டவில்லை. அவர் 1978 சனவரியில் காலமானார். ஆனால் ஆபிரகாம்ஸுடன் அதே ஒலிம்பிக்கில் பங்குபெற்ற ஆப்ரி மான்டேகு என்பவரின் மகன் விளம்பரத்தைப் பார்த்து, தம் தந்தை அந்நாளில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் நகலை அனுப்பிவைத்தார். படத்தில் கதையை இணைத்துச் செல்லும் குரல் அக்கடிதங்களே. ஒரு மகன் தாய்க்கு எழுதிய கடிதத்துக்கு இப்படியும் ஒரு வாழ்வு!

படத்துக்கு முதலில் 'ஓட்டம்' என்னும் பொருளில்தான் பெயர் வைத்திருந்தார். வில்லியம் பிளேக்கின் 'ஜெருசலேம்' பாடலைத் தொலைக்காட்சியில் கேட்ட பிறகு மாற்றினார். எலியா இறைவாக்கினர் விண்ணகம் சென்றபோது தோன்றிய நெருப்புத் தேரை இப்பெயர் நமக்கு நினைவூட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தில் பாரிசுக்குக் கப்பல் ஏறும் வேளையில்தான் லிடலுக்கு ஞாயிறு பற்றிய செய்தி தெரிகிறது. உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அப்போதே முடிவெடுத்து 400 மீட்டருக்குப் பயிற்சி செய்தார். பந்தயத்தில் 47.6 நொடியில் ஓடித் தங்கமும் வென்றார். அண்ணனுக்கு உறுதுணையாக இருந்த தங்கை ஜென்னியைப் படம் அவர் ஓட்டத்தைக் குறை சொல்பவராகக் காட்டுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் மனப்போராட்டத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டிய திரைக்கதாசிரியருக்கு இவ்வகை மாற்றங்கள் தேவைப்படுகின்றன. கப்பல் மாற்றம் எனக்குப் புரிகிறது. தங்கையை அப்படிக் காட்டியதை மட்டும் மனம் ஒப்பவில்லை. கண நேரத்தில் எடுத்த முடிவைவிட, யாரும் பார்க்காத மாதங்களில் நாள்தோறும் அதே முடிவில் நின்றதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதைப் படமாக்குவது கடினம் என்பதும் உண்மைதான்.

1982 மார்ச்சில் அப்படம் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. சிறந்த திரைக்கதைக்கான விருதை ஏந்திய வெல்லண்ட், பிரிட்டிஷார் வருகிறார்கள் என்று மேடையில் முழங்கினார். தற்பெருமை என்று சிலர் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' எட்டு விருதுகளை அள்ளியது. அட்டன்பரோவும் நடிகராகத் தொடங்கியவரே.

1989இல் வெல்லண்ட், இயக்குநர் யூசான் பால்சியுடன் சேர்ந்து 'எ டிரை ஒயிட் சீசன்' எழுதினார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டு விழித்தெழும் ஒரு வெள்ளையரின் கதை. அந்த வெள்ளையரும் பள்ளி ஆசிரியரே!

பிறர் நினைவுகளைத் தேடி விளம்பரம் கொடுத்த அவரை இறுதிக் காலத்தில் நினைவு இழக்கச் செய்யும் நோய் பற்றியது. 2015 நவம்பர் 2ஆம் நாள், தம் 81ஆம் வயதில் காலமானார்.