தொட்டிக்கரி செய்யாத வேலை

எனக்குக் காங்கயம் பக்கம். தேங்காய்த் தொட்டியைக் குழியில் போட்டுக் கரியாகச் சுடும் புகையில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தோம். அந்தக் கரி லாரியேறி எங்கே போகிறது என்று அன்றைக்கு யாரும் யோசித்ததில்லை. பல வருஷம் கழித்து நியூசிலாந்தில், ஹாமில்டன் நகரத்தில், என் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்த் தொட்டியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன். வாங்கியது சாராயம் வடிகட்ட.

பதற வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சாராயம் காய்ச்சுவது இந்த நாட்டில் 1996 முதல் குற்றமில்லை. உரிமம் இல்லாமல் விற்றால்தான் வம்பு. நம்மூரில் இதே வேலைக்கு மதுவிலக்குச் சட்டம் பாயும். அங்கே யாரும் முயல வேண்டாம்.

புதிதாகக் காய்ச்ச வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: கரியில் வடிகட்டியே ஆக வேண்டுமா? கடைக்காரர் ஆமென்றார், ஒரு கிலோ வாங்கி வந்தேன். கரி இருக்கிற தைரியத்தில் முதல் முறை காய்ச்சியபோது ஊறலிலிருந்து வடிந்ததைக் கடைசிச் சொட்டு வரை பிடித்தேன். எல்லாம் ஒரே பாத்திரத்தில். முகர்ந்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கரி பார்த்துக்கொள்ளும் என்று ஊற்றினேன். கரியை முதலில் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதுகூடத் தெரியாததால் சாராயம் சாம்பல் நிறத்தில் இறங்கியது. கழுவிவிட்டு இன்னும் இரண்டு முறை ஊற்றினேன். நிறம் தெளிந்தது. வாடை குறைந்ததே தவிரப் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சட்டம் வந்த நாளிலிருந்து காய்ச்சுகிறவர். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தார். “தப்பு கரியில் இல்லை தம்பி” என்கிற மாதிரி தோளில் தட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை தன் ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

அங்கே மேஜையில் காலி ஜாம் பாட்டில்கள் இருபது, ஒன்று முதல் எண் போட்டு வரிசையாக நின்றன. வடிவதை ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகப் பிடித்தார். முதலில் வருவதைத் தலை என்கிறார்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் போல மூக்கில் குத்தும். நடுவில் வருவது நெஞ்சு. அதுதான் குடிக்கிற பகுதி. கடைசியில் வால், பியூசல் எண்ணெய்கள் என்கிற வாடைப் பொருள்கள் அதில்தான் அதிகம். என் அட்டைப்பெட்டி வாடையும் அங்கிருந்து வந்ததுதான். பாட்டில்களைத் துணி போட்டு மூடி ஒரு ராத்திரி வைத்தார். மறுநாள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீர் கலந்து முகரச் சொன்னார். ஐந்தாவது வரை குத்தியது. ஆறிலிருந்து பதிமூன்று வரை சுத்தம். பதினான்காவதில் அட்டைப்பெட்டி எட்டிப் பார்த்தது. என் மூக்குக்கே அன்றுதான் வேலை கிடைத்தது.

அப்படியானால் கரி எதற்கு? தொட்டிக்கரியை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி பாய்ச்சினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். அந்தச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஒரு கிராம் கரி சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர். மிச்சமிருக்கும் வாடைப் பொருள்கள் அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் 1785-லேயே கரியின் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்து, வோட்காவைச் சுத்தம் செய்ய வழி சொன்னார். ஆனால் சாராயம் கடுமையாக இருந்தால் கரி சரியாகப் பிடிக்காது. தண்ணீர் விட்டு 40, 50 சதவீதத்துக்கு இறக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

கரிக்கு நல்ல வாசனை, கெட்ட வாசனை என்ற பேதமில்லை. வோட்கா மாதிரி வாசனையற்ற சாராயம் வேண்டுமென்றால் கடைசி மெருகுக்கு உதவும். பழத்தில் பிராந்தியோ தானியத்தில் விஸ்கியோ காய்ச்சினால், எதற்காகக் காய்ச்சினோமோ அதையே உறிஞ்சிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கரியில் வடிகட்டினால் விஷம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மெத்தனால் போகாது. அதன் மூலக்கூறு சின்னது, நாம் குடிக்கிற எத்தனாலின் அண்ணன் தம்பி போல. கரியில் சரியாக ஒட்டாமல் சாராயத்தோடேயே இறங்கிவிடும். சர்க்கரை ஊறலில் மெத்தனால் இல்லையென்றே சொல்லலாம். பழ ஊறலில் பெக்டினிலிருந்து கொஞ்சம் உண்டாகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது ஊறலில் தானாக உண்டான மெத்தனாலால் அல்ல, ஆலைகளுக்கான மெத்தனாலைக் கலந்து விற்றதால். அதை எத்தனை மூட்டைக் கரியில் ஊற்றினாலும் அது விஷமாகவே வெளியே வரும்.

நாலு மாதமாக நானும் ஜாம் பாட்டில்களுக்கு எண் போடுகிறேன். பொட்டலத்தில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஒரு கிண்ணம் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், மீன் வாடைக்கு. அந்த வேலையை எங்கள் ஊர்க் கரி பிரமாதமாகச் செய்கிறது.