உங்களுக்குத் தெரியுமா? ஜெயித்த சொல்லும் தோற்ற சொல்லும்

'ரோபோ' என்ற சொல்லைத் தந்தவர் விஞ்ஞானி அல்லர், ஓர் ஓவியர். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆலையில் தயாரான செயற்கைத் தொழிலாளிகள் முதலாளிகளுக்கு எதிராகக் கிளம்பும் கதை. அவர்களுக்கு 'லபோரி' என்று பெயர் வைக்கப் பார்த்தார். ஏட்டு வாடை அடித்தது. அண்ணன் யோசெப்பிடம் போய்க் கேட்டார். அவரோ தூரிகையை வாயில் கவ்வியபடி, ரோபோட் என்று வைத்துவிடேன் என முணுமுணுத்துவிட்டு வரையப் போய்விட்டாராம். 'ரோபோதா' என்றால் பண்ணைக்குக் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலை. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதேதான். (இன்று வேலையே செய்யாதவரை வெட்டி என்கிறோம். அன்றைய வெட்டிக்கு முதுகு ஒடிந்திருக்கும்!) நாடகம் 1921-இல் பிராக் நகரில் மேடையேறியது. அதில் வந்த ரோபோக்களுக்கு இரும்பு உடம்பு இல்லை. ரசாயனக் கலவையில் பிசைந்தெடுத்த சதைதான். தகர உடம்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அடுப்படியில் இருக்கும் 'கேஸ்' 17-ஆம் நூற்றாண்டுச் சொல். பிரசல்ஸ் மருத்துவர் வான் ஹெல்மான்ட், குழப்பநிலையைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து உருவாக்கினார். கூடவே 'பிளாஸ்' என்று இன்னொன்றையும் படைத்தார். நட்சத்திரங்களிலிருந்து வரும் இயக்க சக்தியாம். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? யாரும் கேள்விப்படவில்லை.

1-க்குப் பின்னால் 100 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணுக்கு என்ன பெயர்? கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னர் தன் மருமகனைக் கேட்டார். 'கூகொல்' என்றான் அந்த 9 வயதுப் பையன். பிற்பாடு அதே சொல் எழுத்துப் பிழையோடு ஒரு நிறுவனத்தின் பெயரானது. 2006-இல் ஆக்ஸ்போர்டு அகராதியில் வினைச்சொல்லாகவும் ஏறிவிட்டது. நாமும்தான் "கூகுள் பண்ணிப் பாரு" என்கிறோம்.

அணுவுக்குள் இருக்கும் 'குவார்க்' துகளுக்கு 1964-இல் ஒரே சமயத்தில் இரண்டு பெயர்கள். ஜார்ஜ் ஸ்வெய்க் வைத்தது 'ஏஸ்', சீட்டுக்கட்டு ஆஸ். மரே கெல்-மான் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலிலிருந்து குவார்க்கை எடுத்தார். சீட்டு தோற்றது.

எதையோ தேடப்போய் வேறொரு நல்லது கையில் சிக்குவதை ஆங்கிலத்தில் 'செரண்டிபிட்டி' என்பார்கள். 1754-இல் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் எழுதிய சொல். 'செரண்டிப் இளவரசர்கள்' என்ற கதையிலிருந்து பிறந்தது. செரண்டிப் வேறெதுவும் அல்ல, இலங்கையின் பழைய பெயர்.

தமிழுக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தருவது 'விலையில்லா மிதிவண்டி'. அதை வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சொல்வது, "அம்மா, சைக்கிள் குடுத்துட்டாங்க!" ஆனால் 'மின்னஞ்சல்', 'இணையம்' போன்றவை செய்தித்தாள் வழியாகவே பழகிவிட்டன. காபிக்கு வைத்த 'குளம்பி' கேலிப்பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கிறது. குளம்பு ஞாபகம் வந்தால் காபி எப்படி இறங்கும்?

'செல்ஃபி' 2013-இல் ஆக்ஸ்போர்டின் ஆண்டுச் சொல். அதற்குத் தமிழில் தாமி, சுயமி, தற்படம், தம்படம் என்று நான்கு போட்டியாளர்கள். என் ஓட்டு தம்படத்துக்கு. உங்கள் ஓட்டு?