இடைக்காலப் பொறுப்பும் தந்தையின் கடமையும்

மணவாழ்க்கை முறிந்து வழக்காகும்பொழுது, வீடும் நகையும் பொருளும் பங்கிடுதற்கு வழியுண்டு. குழந்தையைப் பங்கிடுதற்கோ வழியில்லை. விவாகரத்து வழக்கு ஓராண்டிலும் முடியலாம். பல ஆண்டுகள் நீளவும் கூடும். அதுகாறும் அக்குழந்தை எவர் இல்லத்தில் உறங்குவது? எவர் கைப்பிடித்துப் பள்ளிக்குச் செல்வது? இவ்வினாக்களுக்கு விடையாக நீதிமன்றம் வழங்குவதே இடைக்காலப் பொறுப்பாணையாம். இதன் இயல்பைத் தந்தையர் பலர் பிழைபட உணர்ந்து, அதனால் தாமும் வருந்திக் குழந்தையையும் வருத்துகின்றனராதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முற்காலத்தே குழந்தை தந்தைக்கே உரியது என்னும் கொள்கை வேரூன்றியிருந்தது. இங்கிலாந்தில் மணமுறிவு நேர்ந்தால், பால்குடி மறவாத சேயையும் தந்தை தாயினின்று பிரித்துக்கொண்டு போகலாம். கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர், 1836-ஆம் ஆண்டில் தம் புதல்வர் மூவரையும் இவ்வாறே இழந்து, இடையறாது எழுதியும் வாதாடியும் வந்தார். அதன் பயனாக 1839-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் ஒப்புவிக்குமாறு தாய்மார் மனுச் செய்துகொள்ளும் உரிமையை அதுவே முதன்முதல் அளித்தது.

நம் நாட்டிலும் சட்டத்தின் போக்கு மெல்ல மெல்ல இவ்வழியே சென்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர்கள் பாதுகாவலர் சட்டம், தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைப் பாதுகாவலராகக் கூறிற்று. ஆயினும் ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருத்தல் வேண்டும் என்றும், குழந்தையின் நலமே தலையாயது என்றும் அச்சட்டமே வரையறுத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின்னர் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது என விளக்கிற்று. அதற்கு முன்னரே, சென்னையினின்று எழுந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மேல்முறையீட்டில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருளுமல்லர், விளையாட்டுப் பொருளுமல்லர் என்னும் கருத்தை அந்நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டில் நிலைநாட்டியிருந்தது. ஆகவே, 'நான் தந்தை. எனக்கு உரிமையுண்டு' என்று மட்டும் கூறி நீதிமன்றத்தில் நிற்பவரது வாதம் பெரிதும் வலியிழந்துவிடுகிறது.

இனி, இடைக்கால ஆணை எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குவோம். இந்து விவாகச் சட்டப்படி மணந்தவர்க்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், கிறிஸ்தவர்க்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டமும் இதற்கு இடந்தருகின்றன. பாதுகாவலர் நியமனத்துக்கான வழக்காயின், எச்சமயத்தார்க்கும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உதவும். இந்நிலையில் சாட்சிகள் முழுதும் விசாரிக்கப்படுவதில்லை. இருவருடைய பிரமாணப் பத்திரங்களையும் குழந்தையின் அன்றாட வாழ்க்கையையும் வைத்தே நீதிபதி முடிவு செய்கின்றார். குழந்தைக்கு உணவூட்டுபவர் யார், நோயுற்றால் உடனிருப்பவர் யார், பள்ளி எத்துணைத் தொலைவு, பாட்டன் பாட்டியர் அருகிலுளரா என்பனவே அவர் கேட்பவை. அறிவு வளர்ந்த குழந்தையாயின் அதன் விருப்பத்தையும் கேட்பதுண்டு.

ஆதலின், இடைக்காலப் பொறுப்பு தாய்க்குச் சென்றது என்பதனால் தந்தை தீயவர் என்று தீர்ப்பாயிற்று எனக் கொள்ளற்க. கணவனாக வாழ்ந்த வாழ்வை அளந்து வழங்கிய தீர்ப்பு அதுவன்று. நிலைமை மாறின் அவ்வாணையும் மாற்றப்படும். பொறுப்பு ஒருவர்க்கு அளிக்கப்படினும், பெரும்பாலும் மற்றவர் குழந்தையைச் சந்திப்பதற்கு நாளும் நேரமும் குறிக்கப்படும். தந்தை வெளியூரில் வாழ்பவராயின், நாள்தோறும் சில நிமிடங்கள் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசுவதற்கும் வழி செய்யவேண்டும் என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டது. வன்முறை பற்றிய குற்றச்சாட்டு இருப்பின், சந்திப்பு பிறர் மேற்பார்வையில் நிகழுமாறு ஆணையிடப்படலாம். குழந்தையின் காப்புக்கு அது இன்றியமையாதது.

ஆயினும், இடைக்காலம் என்னும் சொல்லைக் கேட்டு அசட்டையாயிருத்தலும் தவறு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தாயிடம் இருக்குமாறு ஆணையாயிற்று; தந்தைக்கு ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் கிடைத்தது என வைத்துக்கொள்வோம். 'என் மகளைக் காண எனக்கே அனுமதிச் சீட்டா?' என்று மானம் மேலிட்டு அவர் போகாதிருக்கின்றார். இறுதித் தீர்ப்பில் யாவும் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். மூன்றாண்டுகள் கழிகின்றன. சிறுமிக்குப் புதிய பள்ளி, புதிய தோழியர், புதிய பழக்கங்கள் அமைந்துவிட்டன. தந்தையின் முகம் அவளுக்குப் பாதி மறந்துவிட்டது. இப்பொழுது அவளை இடம்பெயர்த்தால் அவள் மனம் கலங்குமே என்று நீதிபதி அஞ்சுவாரன்றோ? அத்தந்தை தம் மகளை இழந்தது முதல் நாள் ஆணையினாலன்று. தாம் செல்லாத நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகளால் என்க.

ஆகவே, தந்தையாயினார் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவோம். மனுவில் மனைவியின் குறைகளை அடுக்குவதினும், குழந்தையைத் தாம் எவ்வாறு பேணுவார் என்பதைத் தெளிவாக எழுதுதல் நன்று. காலையில் எழுப்புபவர் யார், தாம் பணிக்குச் செல்லும்பொழுது உடனிருப்பவர் யார் என்பனவற்றை நீதிபதி அறியவேண்டும். குறித்த நேரத்திற் சென்று, குறித்த நேரத்திற் குழந்தையைத் திரும்ப ஒப்புவித்தல் வேண்டும். சந்திப்பு மறுக்கப்படினும் வாழ்க்கைப் பொருளுதவியை நிறுத்தலாகாது. அது குழந்தையின் உணவு. பள்ளி வாயிலிற் குழந்தையைப் பறித்துச் செல்லுதல் ஒருபோதும் கூடாது. ஆணை மீறப்படுமாயின் நீதிமன்றத்துக்கே மீண்டும் மனுச் செய்க. குழந்தையின் செவி கேட்கத் தாயை இகழாமையும், 'உனக்கு யாரைப் பிடிக்கும்?' என்று வினவாமையும் எல்லாவற்றினும் மேலானவை.

இவை தாய்க்கும் ஒக்கும். குழந்தையைக் காட்டாது மறைப்பவர், கணவனைத் தண்டிப்பதாக எண்ணிக் குழந்தையின் உரிமையைப் பறிக்கின்றார். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கைத் தீர்ப்பதற்கு முன் இருவரையும் இணக்கப்படுத்த முயலுதலை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்துள்ளது. மணவுறவு மீளாதெனினும், குழந்தையைப் பற்றியேனும் இருவரும் உடன்படுதற்கு அது நல்வாய்ப்பாகும்.

நம் மாணவருள் நாளை வழக்கறிஞராவோர் உளர். ஆசிரியராகி, இத்தகைய இல்லங்களினின்று வரும் சிறாரை வகுப்பறையில் எதிர்நோக்குவோரும் உளர். துயருற்ற தந்தையொருவர் தம்மிடம் வந்து, 'வெல்வேனா?' என்று கேட்பின், 'வரும் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் காணச் செல்வீர்களா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்பாராக.