மல்லாக்கச் சாயாத கட்டடங்கள்

உயரமான கட்டடத்தைத் தெருவில் நின்று படமெடுக்கும்போது, உச்சியும் உள்ளே வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். படத்திலோ சுவர்கள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடம் மல்லாக்கச் சாய்ந்து கிடக்கும். லென்ஸ்மேல் குற்றமில்லை. படம் பதியும் தளம் சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகளும் இணையாகவே பதியும். கேமராவைச் சாய்த்தால் தளமும் சாய்கிறது. அந்தச் சாய்ந்த தளத்திலிருந்து பார்க்க உச்சி, அடிப்பகுதியைவிடத் தள்ளிப்போய்ச் சிறுக்கிறது.

இதற்குப் பழைய மரக் கேமராவிலேயே வழி உண்டு. கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் உயர்த்துவார்கள். பலகைக்கும் பின்னால் படம் பதியும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே துருத்தி இருப்பதால் அது தாராளமாக நகரும். லென்ஸ் வீழ்த்தும் பிம்பம் வட்டமானது, தட்டைவிடப் பெரியது. பலகை ஏற ஏற, அந்த வட்டத்தில் தரையின் பங்கு தட்டைவிட்டு விலகி, கூரையின் பங்கு உள்ளே வரும்.

பாரிஸின் பழைய தெருக்களை வாழ்நாள் வேலையாகப் படமெடுத்த யூஜீன் அட்ஜே, 18×24 செ.மீ. தட்டுகளில் இப்படித்தான் எடுத்தார். அவருடைய பல படங்களில் மேல்மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். பிம்ப வட்டத்தின் விளிம்பு தெரியுமளவுக்கு லென்ஸை ஏற்றியதன் தடம் அது. மூலை போனாலும் கூரை வேண்டும், சுவர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்று, கேமராவை அசைக்காமல் மேலே நகர்த்தக்கூடிய ஷிப்ட் லென்ஸ்கள் அதே வேலையைச் செய்கின்றன. மென்பொருளிலும் நிமிர்த்தலாம், ஆனால் அது படத்தின் மேற்பகுதியை இழுத்து விரிப்பதால் அங்கே நுணுக்கம் குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். கைபேசிதான் இருக்கிறது என்றால் எதிர்க் கட்டடத்தின் நடுமாடிக்கு ஏறி, மட்டமாகப் பிடித்து எடுப்பதே மேல்.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். அட்ஜே இறந்தபின் அவருடைய தட்டுகளையும் படங்களையும் பெருமளவு வாங்கிக் காப்பாற்றிய பெரனீஸ் அபட், 1930களில் நியூயார்க்கை ஓர் உயர்ந்த மாடியிலிருந்து இரவில் படமெடுத்தார். அதற்கு லென்ஸை 15 நிமிடம் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. மாலை 5 மணிக்கு ஊழியர்கள் கிளம்பினால் அலுவலக விளக்குகள் அணைந்துவிடும். அதற்குள் வானம் இருட்டியிருக்கவும் வேண்டும். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகும் டிசம்பர் நாட்களில்தான் இரண்டும் கூடிவரும் என்று கணக்கிட்டு, அதுவரை காத்திருந்து எடுத்தார்.